பெட்டிக்குள் இத்தா இருந்த பிள்ளை

மகள் ஹஸ்னா,

நேற்று அசர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், பக்கத்து வீட்டு றிஸ்வானா வாசலில் நிற்கிறாள். அனிமே பார்க்கிற பொம்பிளைகளுக்குக் கையில் வைத்து விளையாட என்ன கேம் நல்லது என்று கேட்டாள். உன்னிடம் அல்ல, என்னிடம். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது உன்னிடம் இருப்பதைப் போல ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பெட்டி வந்துவிட்டது, உள்ளே எதைப் போடுவது என்று தெரியவில்லையாம். நீ கடை பூட்டிக் களைத்து வருவாய், உன்னைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று என்னிடம் வந்தாளாம். "எல்லாம் விளையாடிப் பாத்த ஆள் நீங்கதானே சாச்சி" என்றாள். உன் வாப்பா இருந்து இதைக் கேட்டிருந்தால் கதிரையோடு சரிந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவளை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதை வாசிக்கிறதைப் பற்றிச் சொன்னேன், தேத்தண்ணிக் கடை நடத்துகிறதைப் பற்றிச் சொன்னேன், வாள் எடுத்து வெட்டுகிறது வேண்டாம் என்றேன். தோட்டம் செய்கிற விளையாட்டு எப்படி என்று அவள் கேட்டபோது, அது எனக்குச் சரியாக விளையாடத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அது பொய்யில்லை. ஆனால் அதைப் பற்றி முதலில் உனக்குத்தான் சொல்லவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறாயா இல்லையா என்று ஏஜென்சிக்கு நீ கடைசிப் பதில் கொடுக்கவேண்டும். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டாய். அவர்கள் திரும்பவும் கேட்கிறார்கள். இந்த முறையும் இல்லை என்றுதான் சொல்லப் போகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உன்னை முன்னுக்கு இருத்திவைத்துக் கதைக்க எனக்கு வராது, உனக்கும் வராது. நான் இரண்டு சொல் சொல்வதற்குள் நீ சோற்றுக்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்கு விளங்காது; றிஸ்வானாவிடம் கொடுத்து போனில் அடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அவளுடைய வாயில் ஒன்றும் நிற்காது, நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். வளர்ந்த பிள்ளையை வீட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிற உம்மா நான் மட்டும் இல்லை, மற்ற உம்மாமாரும் கேட்கட்டும்.

இந்த ஜப்பான் பைத்தியம் உனக்கு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். எங்கள் புதுக்குடியிருப்புக் கடையில், பின்பக்கத்தில் அடுக்கி வைத்த துணிக்கட்டுகளுக்கு மேலே. டியூசன் முடிந்து நேரே கடைக்கு வருவாய். வாப்பாவின் போனை வாங்கிக்கொண்டு மேலே ஏறி இருந்து அந்தக் கார்ட்டூனைப் பார்ப்பாய். யாவாரம் இல்லாத நேரம் அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்ப்பார். புடவைக்கடை முதலாளி, தலையில் தொப்பி, மூக்கில் கண்ணாடி; அவருக்கு முன்னால் போனுக்குள், கண்ணைச் சிரட்டை அளவு விரித்துக்கொண்டு அழுகிற ஒரு கார்ட்டூன் பிள்ளை. இரவில் சோறு தின்னும்போது, "மகள், அந்த வெள்ள முடிப் பொடியன் மௌத்தாகிட்டானா?" என்று கவலையாகக் கேட்பார். யாரோ சொந்தக்காரப் பையன் செத்துவிட்டான் என்று நினைத்து நான் பயந்துபோய் இன்னாலில்லாஹி சொன்ன நாளும் உண்டு. உனக்கு மொழி பழகவேண்டும் என்று ஆசை வந்தபோது, மாங்குளத்தில் பஸ் மாறி வவுனியா வகுப்புக்குப் போய்வா என்று சொன்னவரும் அவர்தான். பொம்பிளைப் பிள்ளை அவ்வளவு தூரம் போய் வயதுபோனவர்களைக் குளிப்பாட்டுகிற வேலை செய்யவேண்டுமா என்று கேட்டவள் நான். நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ பரீட்சையில் பாஸாகிவிட்டாய் என்று தெரிந்த அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தாராம்.

பிறகு அவர் மௌத்தாகிவிட்டார். எழுதும்போது இது இவ்வளவு சின்ன வசனமாக இருக்கிறது. கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு பச்சைச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். களைப்பாக இருக்கிறது என்று கதிரையில் இருந்தாராம். நீதான் பக்கத்தில் நின்றாய். அன்று என்ன நடந்தது என்று நீ எனக்கு முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜனாசாவைக் கொண்டுபோன பிறகு வாப்பாவின் தங்கை, உன் மாமி, என்னை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் வெள்ளை உடுப்பைத் தந்து, இனி இத்தா என்றாள். மாப்பிள்ளை மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டைவிட்டு இறங்குவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னுக்கு வருவதில்லை, பூசுவதில்லை, போடுவதில்லை. இது எல்லாருக்கும் உள்ளது. கண்ணாடி பார்க்கக் கூடாது என்று மாமி தன்பாட்டில் ஒன்றைச் சேர்த்து, அலுமாரிக் கண்ணாடிக்கு மேலே ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். மார்க்கக் கிதாபில் அப்படி ஒன்றும் இல்லையே என்று நீ சொன்னாய். "கிதாபில இல்லாட்டி என்ன, எங்கட வீட்டில இருக்கு" என்றாள். எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு என் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆட்கள் வந்து வந்து போனார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் அழுது முடியுமட்டும் நான் அவர்களுடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் என்று சொல்லவும் தெரியவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் தொடுகிறார்கள் என்று தெரியும், வேறொன்றும் தெரியாது, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோற்றை வைத்தால் தின்றேன், எடுத்தால் விட்டேன். நேரத்துக்குத் தொழுதேன், என்ன ஓதினேன் என்று கேட்டால் சொல்லமாட்டேன். நீ ஒருநாள் என் காலடியில் வந்திருந்து, "உம்மா, நீங்க அழவே இல்லையே" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீயே அழுதாய். உன்னுடைய தலையில் கையை வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, வைத்தேன். அந்தக் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை நீ விளங்கிக்கொண்டிருப்பாய்.

அதற்கு அடுத்த நாள்தான் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். கொழும்பில் யாரோ பாவித்ததை வாங்கி, ஒரு மூலை உடைந்ததற்கு நகப்பூச்சுப் பூசி வைத்திருந்தாயே, அதே பெட்டி. உன் உயிரைப்போல வைத்திருந்த சாமான், வாப்பாவுக்குக்கூட ஒருநாளும் தந்ததில்லை. "உம்மா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம். இதப் பிடிச்சிட்டு இருங்கோ, போதும்" என்றாய். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை நான் உனக்கு நன்றி சொல்வதற்காக எழுதவில்லை, ஒரு விசயம் சொல்வதற்காக எழுதுகிறேன். நாளைக்கு நீ அங்கே பார்க்கப் போகிற கிழவன் கிழவிகளில் பாதிப்பேர் என்னைப்போலத்தான் இருப்பார்கள். யாராவது மௌத்தாகி, அல்லது பிள்ளைகள் வந்து பார்க்காமல், ஒன்றும் உறைக்காமல் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லாதே. எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றும் உள்ளே போகவில்லை. கையில் பிடிக்க ஏதாவது கொடு, பிறகு பக்கத்தில் சும்மா இரு. அந்த வேலை உனக்குத் தெரியும், வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை, என்னில்தான் பழகினாய்.

முதலில் நீ போட்டுத் தந்தது கதை வாசிக்கிற விளையாட்டு. அனிமே பிடித்த பொம்பிளைகள் எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள் என்று சொன்னாய். ஒரு பள்ளிக்கூடம், அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, அவளைச் சுற்றி நாடி கூரான பொடியன்கள். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. நீ பக்கத்தில் இருந்து தமிழில் வாசித்தாய். இடைக்கிடை நின்று, இப்ப இவனிடம் என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்பாய், நான் "ஒண்டும் சொல்லாத, வீட்ட போகச் சொல்லு" என்பேன். மாமி கதவடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். இத்தா இருக்கிறவள் அந்நிய ஆண்களைப் பார்ப்பதா என்றாள். அது கீறின படம் மாமி என்று நீ சொல்ல, "கீறினாலும் ஆம்பிளைதானே" என்றாள். பெட்டியைத் துணியால் மூடிவிட்டுப் போனவள், அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன்னமே வந்து பாயில் இருந்து, அந்த நெட்டையன் பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டானா என்று கேட்டாள். றிஸ்வானாவிடம் இதைத்தான் சொன்னேன், கதை விளையாட்டை ஒருத்தியாக இருந்து விளையாடாதே, வாசித்துச் சொல்ல ஒருத்தியும் ஏச ஒருத்தியும் பக்கத்தில் வேண்டும் என்று.

தேத்தண்ணிக் கடை விளையாட்டை மாமி எடுத்துக்கொண்டாள். அதில் எழுத்து வாசிக்கத் தேவையில்லை, வருகிறவனின் தலைக்கு மேலே அவனுக்கு என்ன வேண்டும் என்று படம் வரும், பிந்தினால் முகம் சிவக்கும். வீட்டில் தேத்தண்ணி கேட்டால் எழும்பாத மாமி அங்கே ஓடி ஓடிக் கொடுத்தாள். பூனைக்காது வைத்த ஒரு பெட்டை வந்து கேக் கேட்டு நின்றபோது, "பொறு புள்ள, ரெண்டு கைதானே எனக்கு" என்று அவளோடு கதைத்தாள். வாள் விளையாட்டு எனக்குச் சரிவரவில்லை, பெருவிரல் நொந்தது, சும்மா தன்பாட்டில் போகிறவனை ஏன் வெட்டவேண்டும் என்றும் விளங்கவில்லை. நீ கடையைத் திறக்கத் தொடங்கியிருந்தாய். நீ காலையில் போய்விட, மாமி குசினிக்குப் போய்விட, நான் தனிய இருந்து விளையாடினது தோட்டம்தான். பெட்டியை நான் நிறுத்துவதே இல்லை என்று நீ ஏசுவாய், சார்ஜ் இறங்கிவிடும் என்பாய். நிறுத்தினால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மாமி துண்டு போடாத ஒரே கண்ணாடி அதுதான்.

தோட்டத்தைத் தொடங்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பெயர் கேட்டது. பெரிய கண், இரண்டு பின்னல், ஒரு தொப்பி. யாரோ சொந்தக்காரர் மௌத்தாகி அவளுக்கு ஒரு வீடும் காணியும் விட்டுப் போயிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் எழுத்தில் யோசிக்காமல் எழுதவருகிற பெயர் ஒன்றுதான். உன்னுடைய பள்ளிக்கூடக் கொப்பி எல்லாவற்றுக்கும் உறை போட்டுப் பெயர் எழுதித் தந்தது நான்தானே. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி உன் பெயரை அடித்தேன். அவள் கட்டிலிலிருந்து எழும்பினாள். சேவல் கூவியது. நான் அவளைக் கதவடிக்குக் கொண்டுபோனேன். கதவு திறந்தது, வெளியே ஒரு ஆண் நின்றான், கையை ஆட்டினான். நான் அவளைத் திரும்ப உள்ளே இழுத்துவிட்டேன்.

அதை நான் யோசித்துச் செய்யவில்லை. நான் வெள்ளை உடுப்போடு அறைக்குள் இருக்கிறேன், கையில் இருக்கிற பிள்ளை மட்டும் வாசல் தாண்டி ஊர் சுற்றுவது சரியில்லை என்று பட்டிருக்கவேண்டும். பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவளைக் கட்டிலில் ஏற்றி ஒரு பட்டனை அமத்தினால் அந்த நாள் முடிந்து அடுத்த நாள் விடிந்துவிடும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் அறையில் ஒரு நாள் போகிறதென்றால் பெரும் பாடு, பெட்டிக்குள் ஒரு நாள் பட்டென்று போனது. எழுப்புவேன், கதவடிவரை நடத்துவேன், திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பேன். வெளியே மழை பெய்கிற சத்தம் கேட்கும், பிறகு பனி கொட்டுகிற சத்தம், ஏதோ திருவிழா மேளம். சில நாள் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். நான் திறக்கவில்லை. சேவல் கூவ எழுப்பினேன், படுக்கவைத்தேன். பெட்டிக்குள் வருசங்கள் போயின.

இத்தா முடிவதற்குக் கொஞ்சநாள் இருக்கும்போது, நீ கடையிலிருந்து வந்து பெட்டியைச் சார்ஜில் போட எடுத்தாய். அன்று தோட்டம் திறந்திருந்தது. நீ அந்தப் பிள்ளையை வாசலுக்கு வெளியே கொண்டுபோனாய். முழங்கால் உயரப் புல், கல், விழுந்த மரம், தொடக்கத்தில் யாரோ நட்டுவைத்த பூசணிகள் கருகிக் கிடந்தன. நீ நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். "உம்மா, இவ ஒரு நாளும் வெளிய போகேல்லையே" என்றாய். வெளியே ஆண்கள் நிற்கிறார்கள் என்று நான் சொன்னேன், சர்வசாதாரணமாகச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. மேல் மூலையில் இருந்த உன் பெயரைத்தான் நீ பார்த்துக்கொண்டு நின்றாய் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெட்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, கை கழுவி, எனக்குச் சோறு போட்டுத் தந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு "நான் போகேல்ல உம்மா" என்றாய்.

உன் விருப்பம் என்றேன். உள்ளே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். வாப்பா போன நாளிலிருந்து எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று சொன்னேனே, அந்த இடத்தில் மட்டும் ஒன்று உறைத்தது. நிம்மதி. வெயிலில் வந்து பச்சைத்தண்ணி குடித்தால் தொண்டைக்குள் இறங்குவது தெரியுமே, அப்படித் தெரிந்தது. என் பிள்ளை போகமாட்டாள். மாமி மறுநாள் அந்த அறைக்குள் வந்து, "உம்மாவ இத்தாவில விட்டுட்டுப் போறதுக்கு அவள் என்ன கல்லோ" என்று பெருமையாகச் சொன்னாள். நீ படித்த பிள்ளை, மாப்பிள்ளை மௌத்தானவளுக்குத்தான் இத்தா, அவருடைய மகளுக்கு இல்லை என்று உனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கவேண்டும். சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

இத்தா முடிந்தது. மாமி முழுகவார்த்தாள், பள்ளிவாசலிலிருந்து வந்து துஆ ஓதினார்கள், துண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள். நான் வாசலுக்கு இறங்கினேன். வெயில் சுட்டது. அழுகை வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வரவில்லை. கொஞ்சநாள் போய் ஒருநாள் உன்னோடு கடைக்கு வந்தேனே, ஞாபகமிருக்கும். நீ எனக்குக் கதிரையைத் தந்துவிட்டு, ஒரு ஆளுக்குச் சட்டைத்துணி அளந்தாய். வாப்பா அளக்கும்போது வாய்க்குள் எண்ணுவார், நீயும் எண்ணினாய். கிட்ட வந்து கேட்டேன், தமிழில் இல்லை. ஜப்பான் மொழியில் எண்ணினாய். துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு, தமிழில் மிச்சக்காசு கொடுத்தாய். பிறகு அடுத்த ஆள், திரும்பவும் இச்சி நி சன். உன்னுடைய மொழிப் புத்தகங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாய், கார்ட்டூன் பார்ப்பதை விட்டுவிட்டாய், பெட்டியைத் தொடுவதில்லை. நான் கதிரையில் இருந்து உன்னைப் பார்த்தேன். எழும்புகிறாய், கடைக்கு வருகிறாய், வீட்டுக்கு வருகிறாய், படுக்கிறாய். இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். நான்தானே பட்டனை அமத்தியது.

ஏஜென்சி திரும்பவும் கேட்டிருக்கிறது என்று நீ மாமியிடம் சொன்ன அன்று பின்னேரம், பெட்டியை எடுத்துச் சார்ஜ் போட்டுத் தோட்டத்தைத் திறந்தேன். அந்தப் பிள்ளையை எழுப்பிக் கதவடிக்குக் கொண்டுபோய் வெளியே விட்டேன். எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இருக்கவில்லை. அவள் புல்லுக்குள் நடந்தாள். முதலில் கையை ஆட்டிய அந்த ஆள் இன்னும் அதே இடத்தில் நின்றான். எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். உன்னைக் கனநாளாய்க் காணவில்லை, கண்டது சந்தோசம் என்று சொன்னான். கடைக்காரியும் அதையே சொன்னாள். ஒருத்தரும் இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்பார்கள். நான் அரிவாளை எடுத்துக்கொடுத்துப் புல்லை வெட்டவைத்தேன். காடு வெட்டுகிறது எனக்குப் புதிதில்லை, இடம்பெயர்ந்துபோய் இருந்த புத்தளத்திலிருந்து நாங்கள் திரும்பிவந்தபோது இந்த வளவும் இப்படித்தான் கிடந்தது, நீ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாம்பு பாம்பு என்று கத்தினாய். வெட்ட வெட்ட நிலம் தெரிந்தது. பூசணி நட்டேன். அங்கே ஒரு துறையில் ஒரு வள்ளம் நிற்கிறது, அக்கரைக்குப் போகலாம், ஏறுகிறாயா என்று கேட்கும், ஓம் அல்லது இல்லை. ஓம் என்பதை அமத்தினேன். அவள் ஏறிப் போனாள். அதற்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன், அது உனக்குத் தெரியாது. முந்தாநாள் நீ முல்லைத்தீவுக்கு வங்கி அலுவலாகப் போனாயே, அன்று கடையைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனாய். நான் பஸ் ஏறிப்போய்த் திறந்தேன். தனியாகத்தான். வாப்பா விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பச்சைச் சேலையை நீ மடித்து, மேல்தட்டில் மற்றச் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய். ஒரு ரீச்சர் வந்து பச்சையில் கேட்டா. அதை எடுத்து விரித்தேன், அவவுக்குப் பிடித்தது, விற்றுவிட்டேன். விலையும் குறைத்துக் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது, பிறகு ஒரு ஆளுக்குப் பாவாடைத்துணியைக் கோணலாகக் கிழித்துவிட்டேன், நீ பார்த்தால் ஏசுவாய். பழகிவிடுவேன். மாமி கூடவந்து இருப்பதாகச் சொல்கிறாள். அந்தத் தேத்தண்ணிக் கடையில் பழகினவள், ஆட்களின் முகம் சிவக்கமுன் கவனித்துவிடுவாள்.

நான் நல்லாக இருக்கிறேன் என்று நினைத்து நீ போகவேண்டாம். நல்லாக இல்லை. இப்பவும் ஒன்றும் உறைக்கவில்லை, வாப்பாவுக்காக ஒரு சொட்டு அழவில்லை, அது எப்ப வரும் என்றும் தெரியாது, வராமலும் போகலாம். ஆனால் அதை நீ பக்கத்தில் இருந்து காவல் காத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நீ இருந்தால் எனக்கு நிம்மதி, உண்மைதான். அந்த நிம்மதிக்கு உன்னைக் கட்டிலில் ஏற்றி ஏற்றிப் பட்டனை அமத்திக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. புத்தகத்தை அலுமாரியிலிருந்து இறக்கு. அங்கே சாப்பாட்டில் கவனமாக இரு, பன்றி கலந்ததா என்று வெட்கப்படாமல் கேள். குளிருக்குக் கம்பளி எடு. உம்மாவை விட்டுவிட்டு வந்தாயா என்று யாராவது கேட்டால், உம்மாதான் போகச்சொன்னவா என்று சொல். பெட்டியை எடுத்துக்கொண்டு போ, மாமி அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. தோட்டத்தில் அந்தப் பிள்ளை வெளியே போய்விட்டால், பெட்டி வீட்டின் உள்பக்கத்தைக் காட்டுவதில்லை. அவள் வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போகிறாள், தேடித்தேடிப் பார்த்தேன், அந்த அறையை எங்கேயும் காட்டவில்லை. நீ அங்கே போய் இருந்துகொண்டு, உம்மா அந்த உள் அறையில் வெள்ளை உடுப்போடு இருக்கிறா என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அந்த நேரம் நான் வீட்டில் இருக்கமாட்டேன். கடைக்குப் போயிருப்பேன்.

உன் உம்மா